பன்னிரண்டாம் மாத அழைப்பு

தொண்ணூறு தாண்டி இடுப்பு முறிந்து
ஆணி வைத்துக்கொண்டவர்கள்
என் பட்டியலில் நாற்பத்தொரு பேர்.
ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்பது என் வேலை.
பத்தொன்பது எண்களில் வேறு யாரோ எடுத்து
"அவர் இல்லை" என்றார்கள்.
கடைக்குப் போயிருக்கிறாரா என்று
ஒருமுறை கேட்டும் தொலைத்தேன்.

அடுத்த எண் நேப்பிள்ஸ்,
துறைமுகத்திலிருந்து மேலேறும் சந்து,
லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி.
அனியெல்லோ பலோம்பா, தொண்ணூற்று நான்கு.
பதினாலாவது மணிக்கு எடுத்தார்.
"நடந்து வர வேண்டாமா?" என்றார், எடுத்த எடுப்பில்.

குளியல்?
"தனியாக. சோப்பைக் கயிற்றில் கட்டிவிட்டேன்,
விழுந்தால் அதுவே திரும்பி வரும்."
காலுறை?
"வலது கால் சொன்ன பேச்சுக் கேட்கும்.
இடது காலுக்குக் கோடையில் தேவையில்லை."
குளிர்காலத்தில்?
"அடுத்த கேள்வி."

படி ஏறி இறங்குகிறீர்களா?
ஒரு மோட்டார் சைக்கிள் அவர் மௌனத்தின் குறுக்கே போனது.
"எழுபத்தெட்டுப் படி, டாக்டரம்மா."
நான் டாக்டர் இல்லை. திருத்தவில்லை.
"நாற்காலியோடு தூக்கி வந்து
இங்கே வைத்தார்களே, அன்றோடு சரி."

அப்படியானால் கடைக்கு?
"கூடை இருக்கிறதே."
காசும் சீட்டும் உள்ளே போட்டு
ஜன்னல் வழியாகக் கயிற்றில் விடுவார்.
கீழே ரொட்டிக்கடை அசுந்தா நிரப்பிவிட்டு
இரண்டுமுறை சுண்டுவாள்.
"முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவன் நான்.
கப்பல் வயிற்றிலிருந்து டிராக்டர் எடுத்த கைக்குத்
தக்காளி ஒரு சுமையா?
இதுவரை ஒரு முட்டை உடைந்ததில்லை."
கொஞ்சம் யோசித்து,
"ஒன்று. அதுவும் காற்றினால்."

படிவத்தில் இரண்டே கட்டம்:
தானே வாங்குகிறார்.
பிறர் கையை எதிர்பார்க்கிறார்.
நாற்பத்தொன்றில் ஒருவர் என்றால்
ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு.
அறுத்துத் தைத்தவர் மாநாட்டுக்குப் போகிறார்,
முதல் கட்டம் அவருக்குப் பிடிக்கும்.
பதினோரு மாதமாகத் தெருவை மிதிக்காத கால்
எதைச் சொல்லும் என்று
யாரும் கேட்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அசுந்தா கடை உண்டா?
"மூடல்."
அப்போது?
"சனிக்கிழமை ரொட்டி. பல் இருக்கிறது, மூன்று."

"இருங்கள், கயிறு சுண்டுகிறது,
வைத்துவிடாதீர்கள்" என்று
ரிசீவரை எதன்மேலோ கிடத்திவிட்டுப் போனார்.
ஊன்றுகோல், செருப்பு, ஊன்றுகோல், செருப்பு.
ஜன்னல் கதவு.
பிறகு கப்பி கிரீச்சிட்டது.
நின்றது.
கிரீச்சிட்டது.
இரண்டாம் மாடிப் பக்கம்
மூச்சு வாங்குகிறது போலும் கூடை.

அவசரமில்லை.
என் பேனாவும் இரண்டு கட்டங்களுக்கு மேலே
தொங்கிக்கொண்டுதான் இருந்தது.