மேற்படி தரை

இருபத்திரண்டு வருடம்
கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரத்தில்
அடுத்தவர் விழுந்ததைத் தட்டச்சு செய்தவள் நான்.
வரப்பில் விழுந்தவர், லிஃப்ட் குழியில் விழுந்தவர்,
வழக்கில் விழுந்து இன்னும் எழாதவர்.
பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய்.
வலிக்குத் தனிக்கணக்கு கிடையாது.

ஆடித் தள்ளுபடி, இரண்டாம் ஞாயிறு,
தெற்கு மாசி வீதி, மூன்று மாடி ஜவுளிக்கடை.
இரண்டாம் தளத்தில் ஏசி ஒழுகிய இடம்
அத்தனை வெளிச்சத்தில்
தரையைப் போலவேதான் இருந்தது.
அக்கா மகளுக்குப் பாவாடைத் துணி கையில் இருந்தது.
அப்புறம்
மேலே சுற்றும் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு.

வலது மணிக்கட்டு.
எத்தனை முறை அடித்திருப்பேன்,
'மேற்படி மனுதாரரின் வலது மணிக்கட்டு.'
அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று
ஒரு மனுதாரரும் சொன்னதில்லை.

மேலாளர் சோடா கொடுத்தார்.
சேலை ஒன்றும் மூவாயிரமும் கொடுத்தார்.
கூடவே ஒரு தாள்,
'எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை' என முடிவது.
பேனாவை உடைந்த கைக்கே நீட்டினார்.
இருதயமேரி விவரமானவள்,
கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டாள் என்கிறார்கள்.
விவரம் எல்லாம் இல்லை. விரல் மடங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் எழுதுகிறவர் அவசரத்தில் இருந்தார்.
"வீட்ல விழுந்ததுன்னு போட்ருவமா, சட்டுனு முடியும்."
வீடு இல்லைங்க. கடை.
கடைப் பேரை எழுதுங்க. மணி நாலரை.
விபத்துப் பதிவேட்டின் அந்த ஒற்றை வரிதான்
உள்ளே வைத்த பிளேட்டைவிட
என் கையைத் தாங்கிப் பிடிக்கிறது.

வக்கீல் சம்சாத் பேகம் முதலில் கேட்டது பில்.
கீழ்த்தளத்தில் வாங்கிய தலையணை உறை,
நூற்றுப் பத்து ரூபாய்.
"போதும், நீங்க நுகர்வோர்" என்றார்.
நூற்றுப் பத்து ரூபாய்க்கு முன்னால்
நான் என்னவாக இருந்தேன் என்று கேட்கவில்லை.
"ரெண்டு வருசம் இருக்கு, ஆனா
கேமரா ரெண்டு வருசம் காத்திருக்காது.
பழைய நாளத் தின்னுட்டுத்தான் புது நாளப் பதியும்.
அத அழிக்காதீங்கன்னு முதல்ல ஒரு கடுதாசி."
அதை நானே அடித்தேன், இடது கையால்,
ஓர் எழுத்துக்கு ஒரு பெருமூச்சு.
ஒப்புகை அட்டை எட்டாம் நாள் திரும்பியது
வட்ட முத்திரையோடு.

பதில் வந்தது.
'மேற்படி சம்பவம் துப்புரவுப் பணியாளர்
ஒச்சம்மாள் என்பவரின் கவனக்குறைவு.
அன்னார் பணிநீக்கம் செய்யப்பட்டார்.'
பிழையே இல்லை. நல்ல தட்டச்சர்.
அன்றிரவு கை வலிக்கவில்லை,
ஆனாலும் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளே வந்து நின்றாள்,
உசிலம்பட்டி பஸ்ஸை விட்டிறங்கி விசாரித்து விசாரித்து.
"எம்மேலயாக்கா கேசு?"
இல்லை. முதலாளி மேல.
ஸ்டூலில் உட்கார்ந்தாள், பாதி ஸ்டூலில்.
"மூணு நாளாச் சொன்னேன், ஒழுகுதுன்னு.
நாந்தான் வாளி வச்சேன்.
பட்டுச்சேலைக்குப் பக்கத்துல வாளியான்னு
எடுக்கச் சொன்னாக."

வாளி.
எங்கள் நோட்டீசின் நான்கு பக்கத்திலும்
அந்த வார்த்தை இல்லை.

"இத எங்கயும் சொல்வீங்களா?"
"சொன்னா மறுபடி வேலையவிட்டா எடுப்பாக?"
அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
உங்களுக்கும் ஒரு மனு இருக்கு ஒச்சம்மா,
அது வேற ஆபீஸ், வேற நாள்.
இன்னிக்கு இது.

டீ வந்தது. ஆடை படியும்வரை யாரும் தொடவில்லை.
பக்கத்துக்குப் பதினைந்து என்று
பழக்கத்தில் நாக்கு வரை வந்ததை விழுங்கிவிட்டு
இடது சுட்டுவிரலால் தொடங்கினேன்.
பெயர்: ஒச்சம்மாள்.
வயது: ஐம்பத்தொன்று இருக்கும் என்றாள்.
தொழில்:

நிமிர்ந்து பார்த்தேன்.
என் கால் பக்கத்துத் தரையை
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.