தக்கைக் கட்டை

கையில் கொடுத்ததும் முதலில் அவர்
கட்டையை முகர்ந்து பார்த்தார்.

எவோரா சுகாதார நிலையத்தின் பின்கூடம், செவ்வாய்க்கிழமை.
ஒன்பது பாய், ஏழு பட்டை,
காற்றுப் போன ஒரு பந்து.
அடெலினோ முப்பது கோடை
தக்கை மரங்களில் கோடரி போட்டவர்.
இடது தோள் இப்போது மேலே வராது, இடுப்பு கீழே போகாது.
மருத்துவர் சீட்டோடு வந்தார்.
பெல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்றார்.

"இது உரித்த தக்கை இல்லை.
தூளாக்கிப் பசை போட்டு அழுத்தியது.
சீசாவுக்குக்கூட ஆகாத சரக்கு."
இரியா சிரிக்கவில்லை.
"சீசாவுக்கு இல்லை, உங்கள் இடுப்புக்கு."

பக்கத்துப் பாய் என்னுடையது.
தபால் நிலையத்தில் இருபது வருடம் உட்கார்ந்த முதுகு.
தரைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.
முதல் நாள் இரண்டு கைக்கும் கீழே கட்டை வைத்தபோது
தரையே ஒரு சாண் எழுந்து வந்து
என் கையைப் பிடித்துக்கொண்டது.
வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
கட்டையை ஊன்றித் தொட்டது
தொட்டதாகுமா, தெரியவில்லை.

அடெலினோ கட்டையைக் கால்மாட்டில் தள்ளிவிட்டு
வெறுங்கையோடு முயன்றார், மூன்று வாரம்.
பட்டை உரித்த கைக்குப் பட்டை பிடிக்க வெட்கம்.
அதெல்லாம் கிழவிகளுக்கு என்றார்,
ஒத்தீலியாவின் காதில் விழும்படி.
எழுபத்து நான்கு வயது ஒத்தீலியா
பாதத்தில் பட்டையை மாட்டி
குதிகாலை விட்டத்துக்குக் காட்டினாள்.
அதுதான் பதில்.

நான்காவது வாரம் மழை.
மல்லாந்து கிடந்தவரை எதுவும் கேட்காமல்
இரியா இடுப்புக்கடியில் கட்டையைச் செருகினாள்,
ஆடும் மேசைக்கு அட்டை மடித்து வைப்பதுபோல.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு மூச்சு வந்தது,
அவருக்கே அது யாருடையது என்று தெரியாததுபோல
தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மரத்தை உரித்தால்" என்றார், கூரையிடம்,
"ஒன்பது வருடம் தொடக் கூடாது.
அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தில் எழுதிவைப்போம்,
உரித்த வருடத்தின் கடைசி எண்ணை.
அடுத்தவன் பார்த்துவிட்டுப் போய்விடுவான்."

மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"என் மேல் ஒருத்தனும் எழுதவில்லை."

முழங்காலைச் சேர்க்கச் சொன்னாள் இரியா. சேர்த்தோம்.
போகும்போது கட்டையைத் துடைத்து
அலமாரியில் வைத்தார்,
மட்டமான சரக்கு என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு.

இப்போதெல்லாம் நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறார்.
மூலை உடைந்த அந்த ஒன்றைத்தான் எடுக்கிறார்.
பெல்ட்டை மட்டும்
இன்னும் கழற்றுவதில்லை.