வெறும் வண்டி எடை

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
கேரளத்துப் பக்கம் நூறடியில் எங்கள் எடைமேடை.
தக்காளி, தேங்காய், சித்தூர்க் கள்ளு, கோழித் தீவனம்,
எது ஏறினாலும் எனக்கு இரண்டு எண்கள் போதும்:
சுமையோடு ஒன்று, சுமை இறக்கி ஒன்று.
கழித்தால் வருவதற்குத்தான் காசு.

அந்தக் கணக்கைத்தான் அவரும் சொன்னார்,
கொழிஞ்சாம்பாறை மாடியில் கிளினிக் வைத்திருந்தவர்.
"ஈயம் இருக்கு, பாதரசம் இருக்கு.
எல்லாத்தையும் இறக்கிட்டா
மிச்சம் நிக்கறதுதான் உங்க பையன்."
இன்னாசியின் அப்பா அங்கேயே அழுதார்.
நான் தலையாட்டினேன்.
ஆறு வயதாகியும் அம்மா என்று சொல்லாத வாய்
ஏதோ ஒரு தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது என்று நம்ப
அத்தனை சுலபமாக இருந்தது.

பின்னந்தலையில் ஒரு கொத்து முடி வெட்டி
கவரில் போட்டு எங்கோ அனுப்பினார்கள்.
திரும்பி வந்த தாளில் சிவப்புக் கோடுகள்.
குடலும் கெட்டிருக்கிறது, பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து.
பாலில் ஊறிய பரோட்டா தவிர எதையும் தொடாதவன்
புட்டின் முன்னால் உட்கார்ந்து
நெற்றியால் தட்டை இடித்தான்.
பதினைந்து நாளுக்கு ஒரு டிரிப்.
"ஒந்நுமில்ல மோனே, பேடிக்கண்டா" என்று
நரம்பு தேடிய நர்ஸ்
என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
வளையல் போனது. அதற்கென்ன, வளையல்தானே.

எங்கள் மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் ஏறும், இறங்கும்.
இன்னாசி நின்றால் எப்போதும் இருபது.
ஓணம் கழிந்த வாரம், பத்து.
முழுப் பத்து இல்லை, தெரியும்,
பதினைந்துக்குக் கீழே போனால் அப்படித்தான் காட்டும்,
பதினோரு வருடமாக இதே நாற்காலி.
ஆனாலும் திரையைத் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தேன்.

அன்று ராத்திரி வண்டி இல்லாத நேரத்தில்
இரண்டாவது ரிப்போர்ட்டை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.
மருந்து கொடுத்தது காலை எட்டு.
மூத்திரம் பிடித்தது பகல் இரண்டு.
ஒப்பிட்ட அளவோ
மருந்தே தொடாதவர்களுடையது.

இது எனக்குத் தெரியும்.
லோடு எடைக்கு முன்னால் தண்ணீர் டேங்கை நிரப்பி,
கிளீனரைப் படுதாவுக்குள் படுக்கவைத்து,
வெறும் எடைக்கு இரண்டையும் இறக்கிவிட்டு வருவார்கள்.
டயர் அமுங்குவதை வைத்தே பிடித்துவிடுவேன்.
என் மேடைக்கு வருடாவருடம் இன்ஸ்பெக்டர் வருகிறார்,
கம்பியில் முத்திரை தொங்கவிட்டுப் போகிறார்.
ஈய முத்திரை.
என் பிள்ளையைக் கழித்த தராசுக்கு
யார் முத்திரை என்று நான் கேட்கவில்லை.

வலி மட்டும் பொய்யில்லை.
தாலுக்கா ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா
அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்து
எத்தனை நாளாச்சு வெளிக்கிப் போய், என்றார்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கிறது,
இனி அந்த டிரிப் வேண்டாம்,
பால் கேட்டால் கொடு, பரோட்டா கேட்டால் கொடு,
இந்த சிரப் ராத்திரியில் இரண்டு மூடி.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் வயிறு இளகியது.
விடியும்வரை தூங்கினான்.
நான்தான் விழித்திருந்தேன், பழக்கதோஷம்.

பேச்சு வரவில்லை.
அவன் அப்பா போனில் அந்த கிளினிக் நம்பர்
இன்னும் அழியாமல் இருக்கிறது.
நானும் கேட்பதில்லை.

இன்னாசிக்கு இரும்புதான் பிடிக்கும்.
வெயில் ஏறும் முன் மேடையில் குப்புறப் படுத்து
கன்னத்தைத் தகட்டில் ஒட்டிக்கொள்வான்.
உள்ளே என் திரையில்
பத்து, இருபது, பத்து என்று எண் துடிக்கும்.
நான் சீட்டு அடிப்பதில்லை.

ஏதோ கேட்டு எழுந்து, கைகளை உதறிக்கொண்டு
ஓரத்துக்குப் போய்விட்டான்.
ரோட்டைப் பார்த்தேன், ஒன்றுமில்லை.
கொஞ்சம் கழித்து வளைவில்
தேங்காய் லாரி.