செவ்வாய்க்கிழமை

மல்லாவியில எல்லாருக்கும் தெரியும்,
கோசலாதேவிக்குக் கொழும்பில ரெண்டு வீடு.
ஒண்டில லிஃப்ற் இருக்காம்.
நாடகத்தில அவவின்ர கழுத்தில கிடக்கிறது
முப்பது பவுண் எண்டு
கடன் குழுக் கூட்டத்தில சத்தியம் பண்ணுவினம்.

நான் பத்தரைக்குப் போவன்.
பூசாத வீட்டுத்திட்டச் சுவர்,
கதவுக்குப் பதிலாத் தறப்பாள்.
ஒரு நாள் சூட்டிங்குக்கு மூவாயிரம்,
யாழ்ப்பாணம் போய்வாற பஸ் காசு அவவின்ர.
மனுசன் கட்டாரில எண்டா முதல் வருசம்.
இப்ப என்ர அட்டையில
‘கணவர்’ எண்ட இடத்தில ஒரு கோடு.

இண்டைக்கு இருநூறு குறைஞ்சுது.
“அடுத்த கிழமை சேர்த்துத் தாறன் தம்பி.”
வாசற்படியில ஒரு கால்,
சப்பாத்துக் கழட்டாமல்,
பேனையை டிக் டிக்கெண்டு அமத்திக்கொண்டு
பேசாமல் நிண்டன்.
அப்பிடி நிண்டால் காசு வரும்.
அவ எப்பவும்போல
என்ர காலையே பார்த்துக்கொண்டிருந்தா.

இரவு எட்டரை.
கடன்பட்டவன்ர முற்றத்தில
முப்பது பவுணோட வந்து இறங்கினா.
வாசற்படியில ஒரு கால். செருப்போட.
கையில பேனை.
ஒரு வசனமும் இல்லை.

“சீ, என்ன பிறவியடி இவள்”
என்ர மனுசி சோத்துக் கோப்பையைக் கீழ வைச்சாள்.
நான் சத்தத்தைக் குறைச்சன்.

முழுசாக் குறைச்ச பிறகும்
டிக். டிக்.