ஏழாம் நிரல்

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
நட்டஈட்டுப் படிவத்தின் ஏழாம் நிரல்
'சேதத்தை விளைவித்தவர்' என்று கேட்கும்.
பதில் எழுத மூன்று அங்குல இடம் விட்டிருக்கும்.

தவநாயகி சொன்னார்:
"தென்னம்பிள்ளை முப்பத்தொண்டு முறிஞ்சு போச்சு."
"தானாய் முறியுமோ அம்மா?"
"ஆர் சொன்னது தானாய் எண்டு?
யானை முறிச்சது. தனியன்.
கூழாமுறிப்புப் பக்கமிருந்து வந்தது. எழுதும்."
எழுதினேன்.

கம்பசில் இரண்டாம் வருடம்
இதை ஒரு முழுப் பின்னேரம் படித்தோம்.
விரிவுரையாளர் கரும்பலகையில்
தலைகீழாய் ஒரு மரம் வரைந்து
வாக்கியம் இதுதான் என்பவர்கள் உண்டு என்றார்.
பிறகு அதை அழித்துவிட்டு
ஒரு மண்வெட்டியைக் கீறினார்.
அது அகப்பை மாதிரி வந்தது, சிரித்தோம்.
இதன் வளைவைத் தீர்மானித்தது ஆர்,
கொல்லனா, மண்ணா?
பரீட்சைக்கு இரண்டு பதிலையும் பாடமாக்கினேன்.
ஐம்பத்திரண்டு புள்ளி.

அடுத்த தாள், வீடு.
"எப்பிடிச் சேதம்?"
"இடிஞ்சது."
மின்விசிறி தாளின் மூலையைத்
தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தது.
"இடிஞ்சதோ, இடிச்சதோ?"
நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது.
வரிசையில் பதினாலு பேர் நின்றார்கள்.
அதில் இரண்டு பேரை
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"யானையை எழுதலாம் தம்பி," என்றார் மெதுவாய்.
"அது ஒப்பீசுக்கு வந்து வாசிக்காது."

இடிந்தது. இடித்தது.
ஒரு மெல்லினத்துக்கும் ஒரு வல்லினத்துக்கும் இடையில்
ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் இருக்கிறது.
மெல்லினம் போட்டால் அவர் போய்விடுகிறார்,
சப்பாத்துத் தடம்கூட இல்லாமல்.
எரிந்தது, சரிந்தது, சிதைந்தது என்று
மாங்குளத்திலிருந்தும் முள்ளியவளையிலிருந்தும்
வருகிற கோப்புகளை அடுக்கிவைத்தால்
மூக்கால் முனகுகிற ஒரு சத்தம்.

செய்வினை எழுதத் தெரியாத சனம் என்பார்
எங்கள் மேலதிகாரி மரியநேசன்.
இதே சனம் புதுக்குடியிருப்புச் சந்தையில்
'ஆரப்பா மிளகாய்க்கு விலையை ஏத்தினது' என்று
விரல் நீட்டிக் கேட்பதை
அவர் கேட்டதில்லை.
அவருக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எட்டாம் நிரலில் குடும்ப அங்கத்தவர்.
"மூத்த மகன்?"
"காணேல்லை."
இந்தச் சொல்லில்
ஒற்றை மாற்றிப் பார்க்க வழி கிடையாது.
போனவனுக்கு அதில் வினை இல்லை,
கொண்டுபோனவனுக்கும் இல்லை.
காணாதிருப்பது முழுக்கத் தேடுகிறவரின் வேலை.
எந்த மண்ணை வெட்டி வெட்டி
இது இப்படி வளைந்தது என்று
பரீட்சையில் கேட்கவில்லை.

ஏழாம் நிரலில் ஒரு கோடு இழுத்தேன்.
நேராய் வரவில்லை.

மாரி முடிந்த பிறகு திரும்ப வந்தார்,
சேறு பிடித்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு.
அலுமாரியைத் திறந்தேன்.
இல்லை என்று தெரிந்தேதான் திறந்தேன்.
ஐப்பசியில் ஒழுகின கூரைக்குக் கீழே
அந்த அடுக்கை வைத்துவிட்டு லீவில் போனவன் நான்.

"உங்கட கோப்பு தொலைஞ்சு போச்சம்மா."
எவ்வளவு சுகமாய் வந்தது வாயில்,
வெண்ணெய் மாதிரி.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.
கோபம் ஒன்றும் இல்லை முகத்தில்,
படிவம் நிரப்புகிறவரின் பொறுமைதான்.
"தொலைஞ்சதோ தம்பி," என்று கேட்டார்,
"தொலைச்சதோ?"

புதுப் படிவம் ஒன்றை உருவினேன்.
பேனை எழுதவில்லை.
அதையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.