தண்ணிக் கழிவு

டிசம்பர் இருபத்து மூன்று. கடைசி லோடும் ஏறிவிட்டது.
தங்கச்சிமடத்தில் இனி நாலு நாள்
விசைப்படகுகள் கயிறு போட்டுக் கிடக்கும்.
கம்பெனியில் நானும் தராசும்
தரையில் ஓடும் ஐஸ் தண்ணியும்.

கதவைச் சாத்திவிட்டு
நண்டுக் கூடை வைக்கிற இரும்புத் தட்டில்
செருப்போடு ஏறி நின்றேன்.
எழுபத்தெட்டு நானூறு.

பதினோரு வருசமாய்க் கழிவு போட்டுத் தேய்ந்த கை இது.
கூடைக்கு ஒன்றரை, தண்ணிக்கு அரை,
எதிர்த்துப் பேசுகிற சம்மாட்டிக்கு இன்னும் கொஞ்சம் பார்த்து.
எனக்கு எவ்வளவு போட?
ஈரச் சேலைக்கு முந்நூறு,
செருப்புக்கு, சாவிக் கொத்துக்கு,
இடுப்பில் செருகிய செல்போனுக்கு
என்று எவ்வளவோ பேரம் பேசியும்
ஒரு கிலோவுக்கு மேல் தேறவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில்
சீட்டைப் பார்த்த நர்சு சொன்னாள்:
‘சுகர் எல்லைக்கோட்டுல நிக்குதுக்கா.’
சிரித்துவிட்டேன்.
எல்லைக்கோடு எங்களுக்குத் தெரியாததா,
தண்ணிமேல் போட்ட கோடு.
தாண்டின பிறகுதான்
எதிர்க்கப்பல் விளக்கடிக்கும்.

வீட்டில் அதற்குள் ஐந்து தூக்குவாளி.
பிரிசில்லா மதினி கொடுத்த அச்சுமுறுக்கு,
பாம்பனிலிருந்து முந்திரிக்கொத்து,
யார் கொடுத்தது என்று மறந்துபோன கல்கல்.
நான் தின்பதில்லை.
அடுப்படியில் நின்றபடி
உடைந்ததை மட்டும் வாயில் போடுவேன்.
கம்பெனியில் கால் ஒடிந்த நண்டு
பில்லில் ஏறாது இல்லையா, அந்தக் கணக்கு.
முழுசாய் இருப்பதை நானே உடைத்ததும் உண்டு.

ஜனவரி பிறந்தால் வெந்நீர், எலுமிச்சை, பட்டினி,
பிள்ளை மேல் எரிச்சல்.
பொங்கலுக்குள் எல்லாம் பழையபடி.
ஏன் இப்படி என்று யோசித்தால்
ஏப்ரல்தான் ஞாபகம் வருகிறது.
தடைக்காலம் அறுபத்தொரு நாள்,
கடன் வாங்கின அரிசி,
என் தட்டை மட்டும் கடைசியில் வைத்த வருசங்கள்.
இப்போது மாதச் சம்பளம் வருகிறது.
உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை போல.
டிசம்பரிலேயே அது
தடைக்காலத்துக்கு முன்பணம் வாங்கிக்கொள்கிறது.

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்தபோது மணி இரண்டு.
ஆட்டுக்கறிக் குழம்பு. ஆளுக்கொரு பக்கம் சத்தம்.
அந்தோணி ரீகன் பாட்டுப் பெட்டியைக் குறைக்கவேயில்லை.
நான் பரிமாறவில்லை, உட்கார்ந்தேன்.
முதல் சோறு சூடாக இருந்தது.
சூடாகச் சாப்பிட்டால்
இவ்வளவு சீக்கிரம் வயிறு பேசுமா?

மதினி கரண்டியோடு வந்தாள்.
‘போதும்.’
‘பண்டிகை நாள்ல என்னடி போதும்? சுகரா?’
‘நெறஞ்சிருச்சு மதினி.’
அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது.
கரண்டி ரீகன் தட்டுக்குத் திரும்பியது.
அவ்வளவுதான் நடந்தது.
வானம் இடிந்து குந்துகால் பக்கம் விழவில்லை.

விடிந்து வட்டிலப்பம் வந்தது,
பின்தெரு ஹமீதா நாச்சியா வருசாவருசம் அனுப்புவது.
ஒரு துண்டு வெட்டினேன், ஓரம் உடையாத துண்டு.
தட்டில் வைத்து, நாற்காலி இழுத்துப் போட்டு,
தேங்காய்ப்பால், கருப்பட்டி, எங்கோ ஒளிந்திருந்த ஏலக்காய்.
பதினைந்து நிமிசம் ஆனது.
இரண்டாவது துண்டுக்குக் கை போனது உண்மை.
மூடி போட்டது இன்னொரு கை.
அடுத்த வருசமும் அது போடுமா, தெரியாது.

இருபத்தெட்டாம் தேதி கம்பெனி திறந்து
தராசைத் துடைத்துவிட்டு ஏறினேன்.
எழுபத்தெட்டு அறுநூறு.
இருநூறு கூடுதல்.

நண்டுக்கு என்றால்
தண்ணி என்று எழுதித் தள்ளியிருப்பேன்.
எனக்கும் அப்படியே எழுதினேன்.
வெளியே முதல் வண்டி ஆரன் அடித்தது.
தட்டைக் காலி பண்ணினேன்.