சதுர அடி பன்னிரண்டு ரூபாய்

நகரி ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
முனிகிருஷ்ணா டிஜிட்டல்ஸ்.
காதுகுத்து, கல்யாணம், கட்சி, காரியம்
நாலுக்கும் ஒரே மெஷின்.
தெலுங்குக்கு ஒரு விலை தமிழுக்கு ஒரு விலை என்றில்லை.

செத்தவர்களுக்கு நான்தான் முடி கறுப்பாக்குவேன்.
தலைவர்களுக்குப் பின்னால் புலி நிறுத்துவேன்.
பார்த்துப் பார்த்து
முகம் என்றால் கழுத்தோடு வெட்டி எடுக்க வேண்டிய ஒன்று
என்று ஆகிப்போயிருந்தது எனக்கு.

கரண்ட் வந்து வந்து போன ஒரு செவ்வாய்க்கிழமை
ஒருத்தி பென் டிரைவை நீட்டினாள்.
"ஆறடிக்கு நாலடி. பளபளப்பு வேண்டாம்."
திறந்தேன்.
காது.
பென்சிலில் வரைந்த வெறும் காது,
உள்ளே திணித்த பஞ்சு.
அடுத்ததும் காது. அதற்கடுத்ததும்.
மொத்தம் இருபத்து மூன்று.
முகம் எங்கே என்று கேட்டேன்.
"தறிக்குப் பக்கத்துல நின்னிருக்கதானே?" என்றாள்.

நின்றிருக்கிறேன்.
ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும்
சுவர் ஒன்றுதான்.
கல்யாணமாகி வந்த அண்ணி
எல்லோரும் தன்னைத் திட்டுவதாக நினைத்து
முதல் மாதம் முழுக்க அழுதாள்.
பஞ்சைப் பார்த்திருக்கிறேன்.
காதைப் பார்த்ததில்லை.

பதினான்காவதில்
கம்மல் போய்த் தூர்ந்த ஓட்டை.
பஞ்சிலிருந்து ஒரே ஒரு நார்
வெளியே வந்து
இப்போது ஆடும் என்பது போல நிற்கிறது.
பென்சிலை எவ்வளவு லேசாகப் பிடித்தால்
அந்த நார் வரும்?
ஓட்டி முடிக்க ராத்திரி பதினொன்று.
பதினான்கை மட்டும் இன்னொரு முறை ஓட்டினேன்.
மீந்த மைதானே என்று சொல்லிக்கொண்டேன்.

காலையில் அது கடைக் கண்ணாடியில்.
"யாரு போயிட்டாங்க?" என்றார் பால்காரர்.
"காது டாக்டர் வர்றாரா புத்தூருக்கு?"
"எந்தக் கட்சி சின்னம்டா இது?"
நூல் மூட்டையோடு மொபெட்டில் வந்த ஒருவர்
வண்டியை அணைக்காமலே ரொம்ப நேரம் பார்த்தார்.
"எடது காது" என்றார்.
"எனக்கும் எடதுதான் மொதல்ல போச்சு."
போய்விட்டார்.

போட்டோ எடுத்து அனுப்பினேன்,
திருத்தணியில் பிரேம் போடும் சம்பந்தனுக்கு,
பள்ளிப்பட்டில் போர்டு எழுதும் ரமணய்யாவுக்கு,
ஓவியம் படிக்கப் போய்
மருந்துக் கம்பெனியில் சேர்ந்துவிட்ட யுகேந்தருக்கு.
பதினோரு பேர்.
'பாருடா' என்று மட்டும் போட்டேன்.
யுகேந்தர் ராத்திரி ஒரு மணிக்குக் கேட்டான்:
அந்த நாரை ஊதிப் பார்த்தியா?

வெள்ளிக்கிழமை மீதிப் பணத்தோடு வந்தாள்.
கண்ணாடி முன்னால் நின்றாள்.
நான் கல்லாவில் இல்லாத சில்லறையைத் தேடினேன்.
"நல்லா இருந்துச்சுன்னுதான்..."
அவள் காதைப் பார்க்கவில்லை.
அதற்குக் கீழே பார்த்தாள்.
பழக்க தோஷம், கை தானாகப் போட்டிருந்தது:
முனிகிருஷ்ணா டிஜிட்டல்ஸ், செல் நம்பர் இரண்டு,
ஆர்டரின் பேரில் சிறப்பாகச் செய்து தரப்படும்.

"படம் புடிச்சிருக்கு. பேரு தெரியுமா?"
பில் புத்தகத்தைப் புரட்டினேன்.
'காது மேடம், 23' என்றிருந்தது.

மார்க்கரை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.
சாருமதி என்று தெலுங்கில் எழுதினாள்.
தமிழிலும், என்றேன்.
'ரு'வுக்குக் கொஞ்சம் யோசித்தாள்.
அத்தோடு விடவில்லை.
காது: கஜலட்சுமி, இரவு ஷிப்ட்
என்று இன்னொரு வரி.
செல் நம்பரை அடிக்கவில்லை.
இருந்துட்டுப் போகட்டும் என்று சிரித்தாள்,
அதிகமாக ஓட்டியதற்கு நாலில் ஒரு பங்கு கழித்துக்கொண்டாள்.

பதினோரு பேருக்கும் மறுபடி அனுப்பினேன்,
இரண்டு பெயரோடும்.
ரமணய்யா மட்டும் உடனே கேட்டார்:
எழுத்து யாருது? கை நடுங்கவேயில்லையே.

மெஷினில் ஒரு தலைவர் காத்திருந்தார்.
ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள், இருபதுக்குப் பத்து.
புலியை நிறுத்தும் முன்
அவர் காதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒரு கோடு, ஒரு மடிப்பு, ஒன்றும் இல்லை.
போன வருஷம்
நான்தான் தேய்த்து வைத்திருந்தேன்.